இருபத்திரண்டு தலையும் ஐந்து மடியும்

சாம்பல்தீவுச் சந்தியில் பஸ் நின்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பஸ் நிற்பதே பெரிய காரியம். ஆனால் அன்று நின்றும் பிரயோசனமில்லை.

உள்ளே, இடது பக்கத்து வாங்குகளில், சல்லியிலிருந்து வரும் மீன்காரப் பெண்கள் ஆறு பேரும் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேருடைய மடியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் ஐவரும் ஏறியிருந்து பட்டினத்துக்குப் போவது இரண்டு மாதமாக வழக்கம். அன்று ஐந்து மடியிலும் ஐந்து கடகம் இருந்தது. ஓலைக் கடகங்களின் அடியால் மீன்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் அந்தக் கடகங்கள் பஸ் கூரையில் போகும்.

என் மகள் பூமணி ஒரு காலை மிதிபலகையில் வைத்தபடி நின்றாள். ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

“வள்ளியக்கா,” என்று கூப்பிட்டேன்.

வள்ளியக்கா என்னைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தொழிலாளி ஒருவரின் பிடரியைப் பார்த்தபடி, “மடியில இடமில்லை, ரீச்சரம்மா,” என்றார்.

முதல் நாள் வரை நான் அவருக்குத் தங்கச்சி.

“ஏறுறதெண்டால் ஏறுங்கோ, இல்லாட்டில் காலை எடுங்கோ. கரி அணையுது,” என்று சாரதி செல்லையாண்ணை கத்தினார். பூமணி காலை எடுத்தாள். பஸ் போய்விட்டது.

பிள்ளைகள் ஐவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மற்ற நால்வரின் தாய்மாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எல்லாம் விளங்கியது. அதற்கான காரணத்தை என் கையாலேயே தைத்திருந்தேன்.

ஒரு பஸ், அதுவும் கரியில்

குண்டு விழுந்த பிறகு பட்டினத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சாம்பல்தீவில் என் கணவரின் அக்கா வீட்டுக்கு வந்த கதையைப் போன கிழமை எழுதியிருந்தேன். அதை வாசித்த அந்த அக்கா, என் மச்சாள், தன் குசினிப் புகையைப் பற்றி எழுதியது தேவையில்லாத வேலை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தக் கிழமை புகை வராது. மச்சாள் வருவார்.

யுத்தத்துக்கு முன் நிலாவெளியிலிருந்து பட்டினத்துக்கு மூன்று பஸ் ஓடியது. இரண்டைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. மூன்றாவதை எடுக்க வந்தவர்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுப் போனார்களாம். பெற்றோல் இல்லாததால் செல்லையாண்ணை பின்பக்கத்தில் ஓர் இரும்பு அடுப்பைப் பூட்டிக் கரியில் ஓட்டினார். விடிய முன் எழுந்து, அடுப்பை மூட்டி, விசிறி, இருமி, திட்டி, ஒருவழியாகப் புறப்படுவார். பாலத்தின் ஏற்றத்தில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். பஸ் மாப்பிள்ளை மாதிரி முன்னால் போகும். நாங்கள் பெண்வீட்டார் மாதிரி பின்னால் போவோம்.

அந்த பஸ்ஸுக்கு உப்புவெளியில் ஒரு தடை இருந்தது. பொலிஸ்காரர் ஏறித் தலை எண்ணுவார். இருபத்திரண்டு தலை. ஒன்று கூடினால் ஆளை இறக்கிவிடுவார், சாரதிக்கு வழக்கு. நிலாவெளியில் துறைமுகத் தொழிலாளர் பதினாறு பேர் ஏறிவிடுவார்கள். சல்லிச் சந்தியில் மீன்காரப் பெண்கள் ஆறு பேர். அடுத்த சந்தி எங்களுடையது. அங்கே செல்லையாண்ணை கை காட்டிவிட்டுப் போவார். மரியாதையான மனிதர். கை காட்டாமல் ஒரு நாளும் போனதில்லை.

நான்கு நாள் விதி

பட்டினத்தில் நான் படித்த பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது அதன் பாதிக் கட்டடம் பட்டாளத்திடம் இருந்தது. மிச்சப் பாதியில் இடம் பிடிக்கத் துறைமுக வேலைக்கு வந்து குவிந்த உத்தியோகத்தரின் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஊர்ப் பிள்ளைகளோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். வரவு எடுக்கும் இடாப்பில் பேர் இருக்கும், பிள்ளை மட்டக்களப்பில் இருக்கும்.

ஆகவே பெரிய ரீச்சர் அடுத்த மாதம் தொடக்கம் என்று ஒரு விதி வைத்தார். தொடர்ந்து நான்கு நாள் வராத பிள்ளை ஊரைவிட்டுப் போனதாகக் கருதப்படும். இடாப்பில் பேர் வெட்டப்படும். வெட்டிய இடத்தில் அன்றைக்கே வேறு பேர் ஏறும்.

சாம்பல்தீவில் எங்கள் பக்கத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார் குண்டுச் சத்தத்தோடு வவுனியாப் பக்கம் போனவர், போனவர்தான். பூமணியின் பேர் வெட்டுப்பட்டால் யுத்தம் முடியும்வரை அவள் மச்சாளோடு புளி உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யுத்தம் எப்போது முடியும் என்று அதை நடத்தியவர்களுக்கே தெரியாது.

என் கணவர் கடற்படைக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். அதிகாலையில் அவரை ஏற்றிப் போக ஒரு லொறி வரும். அந்த லொறியில் ஆணி ஏறலாம், சங்கிலி ஏறலாம், கப்பலுக்குப் பூசும் பெயின்ற் ஏறலாம். எழுதுவினைஞரின் பிள்ளை ஏற ஏலாது. சைக்கிள் இருந்தது, அதற்கு ரியூப் இல்லை.

நான் சீனியர் வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் படிப்பித்தவள். ஆகவே மனு எழுதினேன். போக்குவரத்தைப் பார்க்கும் கந்தோருக்கு, நல்ல இங்கிலீசில். காலையில் பிள்ளைகளுக்கென்று இன்னொரு பஸ் விடும்படி, அல்லது தலைக் கணக்கில் ஐந்தைக் கூட்டும்படி. தொடக்கத்தில் போட்ட மரியாதை போதுமா, கூடிவிட்டதா என்று யோசித்து மூன்று தரம் திருப்பி எழுதினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. விஷயம் கவனிக்கப்படுகிறதாம். இன்றைக்கும் யாராவது கவனித்துக்கொண்டிருக்கக் கூடும்.

விதி தொடங்கிய நாளன்று பூமணியை நடத்திக் கூட்டிப்போனேன். லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஆகாயக் கப்பல் இரண்டு தரம் தாழப் பறந்தது. இரண்டு தரமும் அவள் என் கையை உதறிவிட்டு றோட்டோரத்துக் கானுக்குள் இறங்கிப் போய்க் குப்புறப் படுத்தாள். பட்டினத்து வீட்டில் குண்டு விழுந்த காலையில் நான் அவளைக் கட்டிலுக்குக் கீழே அப்படித்தான் படுக்க வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது படலை பூட்டியிருந்தது. திரும்பி நடந்தோம்.

தலை வேறு, மடி வேறு

அடுத்த நாள் வந்த பஸ்ஸுக்கு முன்னால், நடு றோட்டில், பூமணியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

பஸ் என் வயிற்றுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது.

“பிள்ளை, சாகிறதெண்டால் பின்னால நேவி லொறி வருது. அது கெதியாக் கொல்லும். நான் கரியில ஓடுறவன்,” என்றார் செல்லையாண்ணை.

“என்ர பிள்ளை பள்ளிக்கூடம் போகவேணும், அண்ணை.”

“போகட்டும். ஆர் வேண்டாமெண்டது? இருபத்திமூண்டாவது தலையோட தடையில நிண்டால் என்ர தலை போயிடும்.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “செல்லையாண்ணை, கைக்குழந்தையை அவன் எண்ணுறவனோ?”

“இல்லை. மடியில இருக்கிறது கணக்கில்லை.”

“அப்ப இது என்ர கைக்குழந்தை. ஏறு மகள்.”

“ஏழு வயசிலயோ?”

“வளர்த்தி கூடின பிள்ளை. மீன் தின்னுற வீடு. நீ ஓட்டு.”

பஸ் முழுக்கச் சிரித்தது. பூமணி ஏறி, அந்தப் பெண்ணின் மடியில் இருந்தாள். அவள் கால் தரையில் முட்டியது. அந்தப் பெண்தான் வள்ளியக்கா. அதற்கு முன் நான் அவரைப் படலைக்கு வெளியே நிறுத்திச் சூடை மீன் வாங்கியிருக்கிறேன். பேர் கேட்டதில்லை.

தடையில் நடந்ததைப் பின்னேரம் பூமணி சொன்னாள். பொலிஸ்காரர் அவளைப் பார்த்து, இது கைக்குழந்தையோ என்று கேட்டாராம். “பல்லுக் கூட முளைக்கேல்லை ஐயா, பாருங்கோ,” என்றாராம் வள்ளியக்கா. பூமணி வாயைத் திறந்து காட்டினாளாம். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டாராம்.

மடிப் பட்டியல்

அடுத்த நாள் மற்ற நான்கு தாய்மாரும் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். படித்தவள் நான் என்பதால் ஒழுங்கு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. கொப்பியில் கோடு போட்டு ஒரு பட்டியல் எழுதினேன். எந்தப் பிள்ளை எந்த மடியில் என்று.

அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. “அகலம். ஆனால் நித்திரை கொள்ளும்.” “வெற்றிலை. துப்பக் குனியும்போது பிள்ளையைப் பிடிக்க வேண்டும்.” “எலும்பு. மெலிந்த பிள்ளை வேண்டாம், இரண்டு பேருக்கும் நோகும்.” ஆறாவது பெண்ணை அவர்கள் சின்னவள் என்று கூப்பிட்டார்கள். அவள் ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவளுடைய மடியில் ஏற்கெனவே ஆள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூட மணிக்கு நேரம் போதவில்லை. செல்லையாண்ணை அடுப்பைக் கால் மணித்தியாலம் முந்தி மூட்டச் சம்மதித்தார். அதற்காக அந்தப் பெண்கள் இரண்டாம் வலை இழுக்கும்வரை கரையில் நிற்காமல் முதல் வலை மீனோடு புறப்பட்டு வந்தார்கள். அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் யோசிக்கவில்லை. நான் யோசித்தது எல்லாம் மணியைப் பற்றி.

சந்தையடியில் இறங்கியதும் வள்ளியக்கா ஐந்து பிள்ளைகளையும் பள்ளிக்கூடப் படலைவரை கொண்டுபோய் விடுவார். பின்னேரம் வந்து கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றுவார். நான் கேட்கவில்லை. அவரே செய்தார்.

மச்சாளின் யோசனை, என் ஊசி

பூமணி மாறினாள். பாரைக்கும் விளைமீனுக்கும் வித்தியாசம் சொன்னாள். கீரி மீன் கண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னாள். ஒரு பின்னேரம் மச்சாள் அவளுடைய கணக்குக் கொப்பியைப் பார்த்து ஏதோ குறை சொல்லிவிட்டார். பூமணி நிமிர்ந்து பார்த்து, “முகத்தைப் பார், காயாத கருவாடு மாதிரி,” என்றாள்.

 உண்மையைச் சொன்னால் உவமை நன்றாகவே இருந்தது. அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

“பள்ளிக்கூடத்தில படிக்கிறதோ பஸ்ஸில படிக்கிறதோ?” என்றார் மச்சாள். “சட்டையை மோந்து பார், ராசம். ஒரே வெடுக்கு. எங்கட ஆக்கள் பார்த்தால் என்ன சொல்லுவினம்? கண்ட கண்ட மடியில எங்கட பிள்ளை.”

“வேற வழி இல்லையே, மச்சாள்.”

“ஒரு துணியைக் குடுத்துவிடன். விரிச்சுப்போட்டு இருக்கட்டும்.”

சவர்க்காரம் தட்டுப்பாடான காலம். சட்டையை ஒவ்வொரு நாளும் தோய்க்க ஏலாது. அது உண்மை. அதைவிட வசதியான உண்மை எனக்கு அன்று கிடைத்திருக்காது. என் கணவரின் பழைய வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நான்கு பக்கமும் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் பூமணியின் பேரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலால் போட்டேன். தைக்கும்போது ஒரு தரம் கை நின்றது. இது சரியா என்று யோசித்தேன். பிறகு, எதற்குத்தான் நான் யோசிக்காமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ தேவையில்லாத இடங்களில் தயங்கி நின்றிருக்கிறேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை பூமணி அந்தத் துணியை வள்ளியக்காவின் மடியில் விரித்திருக்கிறாள். சுருக்கம் இல்லாமல், நான் சொல்லிக் கொடுத்தபடி.

“ஆர் தந்தது, மகள்?”

“அம்மா தைச்சவ. உங்கட மடியில விரிச்சுப்போட்டு இருக்கச் சொன்னவ.”

“வெள்ளை விரிச்சு ஆக்களை இருத்துறது ரெண்டு இடத்திலதான்,” என்றாராம் வள்ளியக்கா. “இது கலியாணவீடோ, செத்தவீடோ?”

மற்றப் பெண்கள் சிரித்தார்களாம். வள்ளியக்கா சிரிக்கவில்லையாம். அன்று வழக்கம்போலப் பிள்ளைகளைப் படலையில் விட்டார், பின்னேரம் கூட்டிவந்தார், துணியை நாலாக மடித்துப் பூமணியின் பையில் வைத்து அனுப்பினார். மறுநாள் செவ்வாய் மடியில் கடகம் இருந்தது.

மூன்று நாள்

செவ்வாய் போனது. புதனும் அப்படியே. ஐந்து மடி, ஐந்து கடகம். செல்லையாண்ணை கெஞ்சிப் பார்த்தார். கடகத்தை மேலே வைத்தால் பஸ் மணக்காது என்றார். “மேல வைச்சால் காகம் கொத்துது,” என்றாள் ஒருத்தி. “மடியில வைச்சால் மாடு கொத்துமோ?” என்று தொழிலாளி ஒருவர் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

வியாழக்கிழமை மற்றத் தாய்மாரில் ஒருத்தி என்னிடம் வந்தாள். “ராசம், உன்ர தையல் வடிவெண்டு ஊரெல்லாம் கதை. எங்கட பிள்ளையள் இனி வீட்டிலதானே. அதுகளுக்கும் பழக்கிவிடன்,” என்றாள்.

அன்று மத்தியானம் நான் என்ன செய்தேன் தெரியுமா? வள்ளியக்காவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதையும் மூன்று தரம் திருப்பி எழுதினேன். மூன்றாவது தரம் கையெழுத்துப் போட்ட பிறகுதான், அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்ற யோசனை வந்தது.

“மீன்காரிக்கு மன்னிப்போ?” என்றார் மச்சாள். “நாலு நாள் போனால் தானா வருவாள்.”

நாலு நாள்தான் எங்களிடம் இல்லை. வெள்ளிக்கிழமை நாலாம் நாள்.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுச் சல்லிக்கு நடந்தேன்.

சல்லிக் கரையில்

வள்ளியக்கா கரையில் ஒரு சாக்கு விரித்து, விற்காமல் மிஞ்சிய மீனைக் கருவாட்டுக்குக் கீறிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். அவர் நிமிரவில்லை. என் செருப்புக்குள் மணல் போனது. அதைத் தட்டுவதா, அப்படியே நிற்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, பிழை நடந்துபோச்சு.”

“ஆர் நடத்தினது?”

“மச்சாள்தான் சொன்னவ…”

“மச்சாளுக்குத் தைக்கத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்ப?”

“நான்தான், அக்கா.”

கத்தி மீனின் முதுகில் ஒரு தரம் இறங்கி ஏறியது.

“ரெண்டு மாசம் உன்ர பிள்ளை என்ர மடியில இருந்தது. அதுக்கு என்ன குறைஞ்சது? சொல்லன்.”

“ஒண்டும் குறையேல்லை.”

“எனக்குக் குறைஞ்சது. ரெண்டாம் வலையை விட்டிட்டு வந்தனான். கேட்டு வந்தனானோ? இல்லை. பிள்ளை றோட்டில நிண்டது, வந்தனான்.”

 பேச இருந்ததெல்லாம் அடுப்பில் போய்விட்டது.

“நாளைக்கு நாலாம் நாள். பேரை வெட்டிப்போடுவினம், அக்கா.”

“தெரியும். உன்ர மகள் முந்தியே சொன்னவள். உன்னைவிட அவளுக்குக் கதைக்கத் தெரியும்.” அடுத்த மீனை எடுத்தார். “சின்னவள் நாளைக்கு வரமாட்டாள், இடுப்பு நோவாம். அவளின்ர இடத்தில நீ வா. பிள்ளை என்ர மடியில இருக்கட்டும். என்ர கடகம் உன்ர மடியில.”

“கடகம் மேல போகுமெல்லோ, அக்கா?”

“போகும். மற்ற நாலு பேரின்ர கடகமும் மேலதான் போகும். என்னுடையது உன்ர மடியில வரும்.”

என் வாய் “அடியில ஒரு துணி” என்று சொல்லத் தயாராகிவிட்டது. சத்தியமாக. கடவுள் எனக்குச் செய்த பெரிய உதவி, அந்த நேரத்தில் இருமல் வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை

எதை உடுப்பது என்று யோசித்தேன். பழைய சேலை உடுத்தால் கடகத்துக்காக உடுத்தது போல இருக்கும். நல்ல சேலை உடுத்தால் சேலை போய்விடும். கடைசியில் நல்லதையே உடுத்தேன். மச்சாள் கிணற்றடியில் நின்று பார்த்தார். வாளி கையில் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் வள்ளியக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பூமணி அவர் மடியில் ஏறி, தன் வீட்டுக் கதிரையில் இருப்பது போலச் சாய்ந்துகொண்டாள். மற்ற நான்கு பிள்ளைகளும் அவரவர் மடிக்குப் போனார்கள். என் மடியில் கடகம் வந்து இறங்கியது. சூடை மீன். பாரமும் குளிரும். பஸ் ஒரு பள்ளத்தில் விழ, முதல் தண்ணீர் சேலையைத் தாண்டிப் பாவாடையைத் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது.

“ரீச்சர், இண்டைக்கு மீன் என்ன மாதிரி?” என்று தொழிலாளி ஒருவர் கேட்டார்.

“உனக்கு விக்கமாட்டா,” என்றார் வள்ளியக்கா. “பார்த்துக்கொண்டு இருக்கிற மீனே உன்ர மூஞ்சியைக் கண்டு பழுதாப்போகும்.”

பாலத்தில் எல்லோரும் இறங்கினோம். நான் கடகத்தோடு இறங்கினேன். தலையில் வைக்கத் தெரியாது. இடுப்பில் வைத்தேன், சரிந்தது. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னால் நடந்தேன். சூடை ஒன்று வழுக்கி விழுந்தது. குனிந்து எடுக்க இன்னும் இரண்டு விழுந்தன. பூமணி ஓடிவந்து பொறுக்கித் தந்தாள்.

மறுபடி ஏறிச் சிறிது தூரம் போயிருப்போம். கடல் பக்கத்திலிருந்து ஆகாயக் கப்பல் வந்தது. எங்கள் பக்கத்துக் கப்பல்தான், ஒவ்வொரு நாளும் பறப்பதுதான். ஆனால் அது எங்கள் தலைக்கு மேல் தாழ வந்தது. ஜன்னல் பலகைகள் நடுங்கின. நான் பூமணியைப் பார்த்தேன். கான் இல்லாத பஸ்ஸுக்குள் இந்தப் பிள்ளை என்ன செய்யப் போகிறது?

பூமணி ஒன்றும் செய்யவில்லை. வள்ளியக்கா அவளுடைய தலையை இழுத்து ஒரு காதைத் தன் நெஞ்சோடு வைத்து, மற்றக் காதைக் கையால் பொத்தினார். பூமணி கண்ணை மூடிக்கொண்டு, “சூடை, சாளை, கீரி, பாரை, விளைமீன்,” என்று சொல்லத் தொடங்கினாள். ஒரு தரம் முடிந்ததும் திரும்பவும் சூடையிலிருந்து. பலநாள் பழக்கம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டு மாதமாக அவள் எனக்கு இதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் பயமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் அதை நம்பி, சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயந்தது நான்தான். என் மடியில் கடகம் நடுங்கியது. மீன்கள் உயிர் வந்தது போல அசைந்தன.

வள்ளியக்காவின் மற்றக் கை வந்து என் காதைப் பொத்தியது. செதில் ஒட்டிய, ஈரமான கை. ஒரு காதில் சத்தம் நின்றுவிட்டது. மற்றக் காதில் கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

“நீயும் சொல்லன்,” என்றார்.

சொன்னேன். கீரிக்குப் பிறகு எது என்று மறந்துவிட்டேன். பூமணி கண்ணைத் திறக்காமலே, “பாரை, அம்மா,” என்றாள்.

தடையில் பொலிஸ்காரர் எண்ணினார். இருபத்திரண்டு. என் சேலையைப் பார்த்து, “ஆள் புதுசோ?” என்று கேட்டார்.

“இப்பதான் பழகுறா,” என்றார் வள்ளியக்கா.

இடாப்பு

மணி அடிக்க முன் படலைக்குப் போய்விட்டோம். வள்ளியக்கா கடகத்தை என்னிடமிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றார். அவர் உள்ளே வருவதில்லை.

பெரிய ரீச்சர் வாசலில் மேசை போட்டு இடாப்பைத் திறந்து வைத்திருந்தார். பட்டினத்தில் சொந்தக்காரர் இருந்த மற்ற நால்வரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பூமணியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“வந்தது சரி. ஆனால் இப்படி விட்டுவிட்டு வாற வெளியூர்ப் பிள்ளையை வைச்சிருக்க ஏலாது, ராசம். அபாயச் சங்கு ஊதினால் நான் இவளை ஆரிட்டக் குடுக்கிறது? தகப்பன் துறைமுகத்துக்குள்ள. நீ சாம்பல்தீவில. பகலில பட்டினத்தில நிக்கிற இரத்த உறவு ஒராள் வேணும். இல்லாட்டில் பேரை வெட்டவேணும். கோபிக்காதை. வெளியில எத்தனை பேர் நிக்கினம் தெரியும்தானே.”

அவர் எனக்கும் படிப்பித்தவர். அவர் முன்னால் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லலாமோ என்று யோசித்ததும் இல்லை.

“ஒராள் இருக்கிறா, மிஸ். பகல் முழுக்கச் சந்தையடியில.”

அவர் பேனையையும் ஒரு படிவத்தையும் என் பக்கம் தள்ளினார். முதல் கோட்டில் பேர். எனக்கு வள்ளியக்காவின் முழுப் பேர் தெரியாது. மைதானத்துக்குக் குறுக்கே கத்தினேன்.

“அக்கா! உங்கட முழுப்பேர் என்ன?”

“என்னத்துக்கு? பொலிசுக்கோ?”

“பள்ளிக்கூடத்துக்கு!”

வள்ளியக்கா கடகத்தைத் தலையில் சரிசெய்துகொண்டார். “கந்தப்பர் வள்ளியம்மை,” என்று திருப்பிக் கத்தினார். “வடிவா எழுது.”

வடிவாக எழுதினேன். அடுத்த கோட்டில் “உறவு” என்று இருந்தது. மச்சாளை நினைத்தேன். எங்கள் ஆட்களை நினைத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் என் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. “பெரியம்மா” என்று எழுதினேன்.

பெரிய ரீச்சர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். படலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“உன்ர அக்காவோ?”

“ஓம், மிஸ்.”

“முகச்சாயல் ஒண்டும் இல்லையே.”

“மணத்தைப் பாருங்கோ, மிஸ்,” என்றேன்.

அவர் லேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்து ஒரு தரம் மூச்சை இழுத்தார். பிறகு பேனையை மையில் தொட்டு, பூமணியின் பேருக்கு நேரே வரவுக் கோடு போட்டார்.